கடைசியில் நடப்பவள்

ஒன்பது பேர்.
கார்களைப் பூட்டியதும் எண்ணினேன்,
இரும்புக் கதவைத் தாண்டியதும் எண்ணினேன்,
ஓடைக்கு அப்பால் மறுபடியும்.
கடைசியில் நடப்பவளுக்கு அதுதான் வேலை:
எட்டு முதுகுகள், பிறகு நான்.

ஜனவரி. எட்டே முக்காலுக்குக் கண் விழித்து
நான்கு மணிக்குள் கடையைக் கட்டிவிடும் பகல்.
முன்னால் இஷ்பெல்.
முப்பது வருடம் இந்தப் பள்ளத்தாக்குக்குத் தபால் கொடுத்தவள்.
எந்த வீட்டு நாய் கடிக்கும் என்று இன்றும் சொல்வாள்.
வரைபடம் கழுத்தில் தொங்குகிறது.
அவள் அதைப் பார்ப்பதில்லை.

வழியில் குட்டைகளின் மேல் பனிக்கட்டி
அப்பளம் போல நொறுங்கியது.
ரொட்டிக் கடை பாவெல் ஒன்றையும் விடவில்லை,
ஒவ்வொன்றாய்த் தேடித் தேடி மிதித்தான்.
காய்ந்து பழுத்த ஹெதர் புதர்.
மேலே, பனி இன்னும் விழாத சரிவில்
வெள்ளைக்கு மாறிவிட்ட ஒரு மலைமுயல்,
வேறு யாருடைய கல்யாணத்துக்கோ உடுத்திக்கொண்டு
தவறான நாளில் வந்துவிட்டதைப் போல
அசையாமல் உட்கார்ந்திருந்தது.
நாங்கள் பார்க்கவில்லை என்று அது நம்பியது.
நாங்களும் பார்க்காதது போலவே கடந்தோம்.

அதற்கப்புறம்தான் டூகல்டின் காலணி.

மகளுக்கு மோதிரம் மாற்றிய வருடம் வாங்கியது;
அந்த மருமகன் கூட இப்போது இல்லை.
"இன்னும் உழைக்கும்" என்பான் மாதாமாதம்.
வலது கால் அடித்தோல் குதிகாலிலிருந்து பிரிந்து
நாக்கு நீட்டியது.
லோர்னாவிடம் பல்லுக்குக் கட்டும் நூல் இருந்தது,
பல் வைத்தியர், வேறென்ன இருக்கும்.
ஃபின்லே நாயின் கழுத்து வாரைக் கழற்றிக் கொடுத்தான்.
நாய் அதை ரசிக்கவில்லை.
உனா தன் சாண்ட்விச் உறையை நீட்டி,
எதற்கு என்று தனக்கே தெரியாமல்
திரும்ப மடித்து வைத்துக்கொண்டாள்.

உச்சிக்கு இன்னும் இருநூறு மீட்டர் ஏற்றம்.
கற்குவியல் தெரிந்தது.
தெரிவதுதான் கஷ்டம்.
ஆறு பேர் ஏறலாம், மூவர் இறங்கலாம்
என்று யாரோ சொல்ல ஆரம்பித்தார்கள்,
வாய் ஆவி மட்டும் மிஞ்சியது.
"நீங்கள் போங்கள்" என்றான் டூகல்ட்,
போகாதீர்கள் என்று சொல்லும் அதே குரலில்.
இஷ்பெல் சூரியனைப் பார்த்தாள்.
பிறகு என்னை.
"ரோனா, எத்தனை?"
"ஒன்பது."
"சரி. திரும்பு."

ஒற்றையடிப் பாதை. ஒதுங்க இடமில்லை.
நின்ற இடத்திலேயே எல்லோரும் முகம் திருப்ப
நான் முதலாவதாகிவிட்டேன்.

நான்கு குளிர்காலமாக முதுகுகளையே பார்த்தவள்.
என் முன்னால் இப்போது ஒருவருமில்லை.
கீழே ஏரி, அதன் ஓரத்தில் மூன்று கார்கள்
பொத்தான் அளவில்,
நடுவே நான் மிதித்தே ஆகவேண்டிய
ஒவ்வொரு கல்லும்.
யாரை எண்ணுவது?
காதால் எண்ணினேன்.
பாவெலின் மூக்குறிஞ்சல்.
ஃபின்லே நாயோடு பேசும் சமாதானம்.
உனாவின் இரண்டு கைத்தடிகள், ஒன்று முன், ஒன்று பின்.
எல்லாவற்றுக்கும் பின்னால்
சப்... சப்... சப்...
அந்த அடித்தோல் இருக்கும்வரை
எட்டுப் பேரும் இருக்கிறார்கள்.

ஒருமுறை அது நின்றது.
நானும் நின்றேன்.
திரும்பிப் பார்க்கவில்லை; கால் வழுக்கும் இடம்.
காற்று மட்டும்.
பிறகு டூகல்ட் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னான்,
அப்படியொரு நிம்மதியை எந்த நல்ல வார்த்தையும்
எனக்குத் தந்ததில்லை.

கார்கள் அருகே வெளிச்சம் நீலமாகிவிட்டது.
பாவெல் தேநீர் ஊற்றினான், பாதி கையுறையில்.
உச்சி ஏறாததைப் பற்றி யாரும் பேசவில்லை.
பிப்ரவரிக்கு யார் கேக் கொண்டுவருவது என்று பேசினார்கள்.

செவ்வாய்க்கிழமை
துணி துவைக்கும் இயந்திரத்தில் கடகடவென்று சத்தம்.
கற்குவியலில் வைக்க
ஓடையில் பொறுக்கிய கல்.
நிறுத்தி எடுக்கலாம்தான்.
சுற்று முடியட்டும் என்று
கேட்டுக்கொண்டு நின்றேன்.