மற்றும் குழுவினர்

களியக்காவிளைச் செக்போஸ்டில்
ஜீப்பை ஓரம் கட்டச் சொன்னபோது மணி பன்னிரண்டே கால்.
பாறசாலைக் கன்வென்ஷன் முடிந்து வருகிறோம்.
பின்னால் இரண்டு ஆம்ப்ளிஃபயர், கூம்புக் குழாய்கள்,
செலஸ்டினின் கிட்டார்ப் பெட்டி,
அதன்மேல் தலை சாய்த்துத் தூங்கும் எப்சிபா.
காலை ஏழுக்கு அவளுக்கு அண்டி ஆபீசில் சங்கு ஊதும்.

அவள் பிடித்த மைக்கிலெல்லாம் கறுப்பாக ஒரு கறை இருக்கும்.
முந்திரித் தோட்டு எண்ணெய்.
மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகாது.
மைக் செட்டுக்காரன் நான், எனக்குத் தெரியும்,
பதினொரு வருடம் தேய்த்திருக்கிறேன்.

குரலிலும் அப்படி ஒன்று இருந்தது.
மூன்றாவது சுரத்தில் வந்து நிற்கவேண்டிய இடத்தில்
நிற்காமல்
கொஞ்சம் கீழே வழுக்கி
அங்கேயே இருந்துகொள்வாள்.
கொயர் மாஸ்டர் கோலால் மேசையைத் தட்டுவார்:
தப்பு. புத்தகத்தில் அது இல்லை.
செலஸ்டின் மட்டும் தலையை நிமிர்த்த மாட்டான்,
கம்பியை விரலால் வளைத்து
அவள் நின்ற இடத்துக்கே போய்ச் சேர்வான்.
கப்பலில் மூணு வருசம் பாத்திரம் கழுவியவன்.
"கறுத்த ஆளுவ பாடுவானுவ, கேட்டிருக்கேன்.
நீல சுரம்ணு பறயுவானுவ அதுக்கு.
பாதிப் பேருக்க பேரு ரெக்கார்டுல கூட இருக்காது."

எங்கள் கேசட்டுகள் முப்பத்தொன்று.
திருவனந்தபுரத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மாடியில் ஸ்டுடியோ.
முன் மைக் போதகரின் மனைவிக்கு.
எப்சிபா மூன்றடி பின்னால்,
'கர்த்தாவே' வரும் இடங்களில் மட்டும் ஓரடி முன்னால்.
(அந்த ஒரு சொல்லுக்கு எல்லை கிடையாது.
தமிழ்ப் பதிவுக்குப் பாடியதையே
மலையாளப் பதிவிலும் ஒட்டிவிடுவார்கள்.
கூலி ஒரு தடவைக்குத்தான்.)
அட்டையில் டை கட்டிய போதகர், பின்னால் ஒரு நீர்வீழ்ச்சி.
அடியில், கண்ணை இடுக்கினால் தெரியும் எழுத்தில்,
மற்றும் குழுவினர்.

செக்போஸ்டில் பில் கேட்டார்கள்.
மூன்றாம் கையாக வாங்கிய சாமானுக்கு ஏது பில்.
"வளைகுடாச் சரக்கா? விற்கக் கொண்டுபோறியா?"
செலஸ்டின் ஒன்றும் சொல்லவில்லை.
பானெட்டைத் திறந்து பேட்டரியில் ஒயரை மாட்டினான்,
எப்சிபாவின் தோளைத் தட்டினான்.

அரைத் தூக்கத்தில், அரைக் குரலில் பாடினாள்.
எனக்குத் தெரிந்து அவள் முன்னால் நின்று பாடியது
அன்றைக்குத்தான்.
மீன் லாரியில் ஐஸ் சொட்டிக்கொண்டிருந்தது.
வாழைக்குலை ஏற்றிய வண்டிக்காரன் எஞ்சினை அணைத்தான்,
அவனுக்குப் பின்னால் இருந்தவன் ஹாரனை அமுக்கித் திட்டினான்.
மூன்றாவது சுரம் வந்தது.
வழுக்கினாள்.
ரசீதுப் புத்தகத்தில் இருந்த அதிகாரியின் பேனா
அப்படியே இருந்தது.

"பேரு?"
எப்சிபா.
எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதினார்.
"அப்பா பேரு?" நேசையன்.
"தொழில்?"
அவள் கையைப் பார்த்தாள். இரண்டு கையையும்.
"பாட்டு," என்றாள்.
பாடகி என்று எழுதி, கார்பனைத் தூக்கிப் பார்த்து,
அபராதம் நூற்றிருபது ரூபாய் என்றார்.
எங்கள் நாலு பேருக்குமாக
அன்றைக்குக் கிடைத்திருந்தது நூற்றைம்பது.

பிறகு கீபோர்டு வந்தது.
ஒரு பொத்தானை அமுக்கினால் இருபது பேர் பாடினார்கள்,
ஒருவரும் வழுக்கவில்லை.
செலஸ்டின் ஷார்ஜாவில் லாண்டரி வண்டி ஓட்டுகிறான்.
அவள் இப்போது பருப்புத் தரம் பிரிக்கும் மேசையில்,
உடையாதது ஒரு பக்கம், உடைந்தது ஒரு பக்கம்.

போன மாதம் குழாய்களை எடைக்குப் போடும்போது
கணக்கு நோட்டுக்குள் அந்த ரசீது கிடைத்தது.
அவள் பெயர் அச்சுத்தாளில் ஏறிய இடம்
எனக்குத் தெரிந்து வேறு இல்லை.
கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு
வாசித்தாள், மெதுவாக, அரசு முத்திரை வரைக்கும்.
அழுவாள் என்று நினைத்தேன்.
"ஃபைன் போவ மிச்சம் முப்பது ரூவா இருந்துதே,
அதுல எனக்க பங்கு எங்கவே?" என்றாள்.