இடப்பக்கம்

பஹாவ் கிளினிக்கில் என் எண் தொண்ணூற்றொன்று.
டாக்டர் ஹஸ்லிண்டா இரண்டே கேள்வி கேட்டார்.
எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள்?
எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்?
இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பதிலைச் சொன்னேன்.
பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

செம்பனை ஆலையில் எடைப்பாலத்தில் எனக்கு வேலை.
பழக்குலை லோரி நிறைந்து வரும், காலியாய்த் திரும்பும்,
இடையில் குறைந்ததை எழுதி வைப்பேன்.
பதினொன்றுக்கு மாற்று ஆள் வந்ததும்
முத்தலிப் கடையில் ரொட்டி சானாய் இரண்டு,
சம்பல் தாராளமாய்,
கெட்டியாய் ஒரு தே தாரே.
பன்னிரண்டுக்குக் கட்டில்.
இரண்டுக்கு நெஞ்சில் கங்கு.

ஒருநாள் இதயம்தான் என்று பயந்து
கோலப்பிலா வரை மழையில் காரை ஓட்டினேன்.
மார்பில் கம்பிகளை ஒட்டிப் பார்த்த பையன்
‘அங்கிள், இதயம் நல்லாத்தான் இருக்கு’ என்றான்.
சொன்னதோடு ஓர் ஏப்பம் விட்டேன்,
வார்டே திரும்பிப் பார்த்தது.

எதுக்களிக்கும் இரவுகளில்
பல் கூச எழுந்து உட்கார்ந்தால்
சன்னலுக்கு அப்பால் ஆலையின் கழிவுக்குளம்.
அதற்கும் தூக்கம் கிடையாது.
எண்ணெய் எடுத்தபின் மிஞ்சிய பழுப்பு நீர்
குமிழ் விட்டுக் குமிழ் விட்டுப் புளித்தபடி கிடக்கும்.
பதினாறு வருஷம் அந்த நாற்றத்தை ஏசியிருக்கிறேன்.
இப்போது மூன்று மணிக்கு விழித்திருப்பது
அதுவும் நானும்தான்.

மருந்து உறையின் பின்பக்கம்
டாக்டர் எழுதித் தந்தது என் கையெழுத்தைவிடத் தெளிவு.
படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாடு.
உறைப்பு, பொரியல், தேநீர் குறையட்டும்.
பெல்ட்டை இறுக்க வேண்டாம்.
கட்டிலின் தலைமாட்டை உயர்த்துங்கள்.
கடைசி வரி: இடப்பக்கம் சாய்ந்து படுக்கவும்.

சிவநேசன் வீட்டு மதில் கட்டியது போக
மிஞ்சிய செங்கல் நான்கு.
காலுக்கு இரண்டாய் அடுக்கினேன்.
வாசலில் நின்று பார்த்த தவமலர்
‘உங்க வயித்துக்கு நான் ஏன் சாயணும்’ என்றாள்.
ஒரு வாரத்தில் அவள் பேசிய நீளமான வாக்கியம்.

டாக்டருக்குத் தெரியாது:
தம்பியின் வேன் கடனுக்கு
இவளைக் கேட்காமல் ஜாமீன் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து
நான் வலப்பக்கம்தான், அலமாரியைப் பார்த்தபடி.
இடப்பக்கம் அவள்.

முத்தலிப் முதலில் நம்பவில்லை.
‘பசியாறலையா, தெளக்கே?’
ஏழு மணிக்கே ஆச்சு என்றேன்.
தூக்குச்சட்டியில் சுரைக்காய்க் கூட்டும் சோறும்,
லோரிகளின் இடைவெளியில் மெல்ல மென்று.
மிளகாயே இல்லை.
விடுமுறை நாளில்தான் கவனித்தேன்,
அவள் தட்டிலும் இல்லை.
ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் நாளைக்குச் சேர்த்துவிடுவாள்.

ரொம்பின் கல்யாணத்தில் ரெண்டாங் மணத்தில் தோற்றேன்.
அன்றிரவு மூன்று மணிக்குக் குளம் என்னை வரவேற்றது.
மறுநாளிலிருந்து மறுபடியும் சுரைக்காய்.

மூன்று மாதத்தில் நாலு கிலோ இறங்கியிருக்கிறது.
எடைப்பாலத்தில் ஏறி நின்று பார்த்தேன்.
இருபது கிலோவுக்குக் கீழே எதையும்
அது பொருட்படுத்தாது.

நேற்று விளக்கணைத்த பின்
இடப்பக்கத்திலிருந்து ஒரு குரல்:
‘இன்னும் எத்தனை மாசம்?’
வயிற்றைக் கேட்கவில்லை என்று தெரிந்தது.
‘பதினெட்டு.’
‘ம்.’
தொண்டைக்கு எதுவும் ஏறி வரவில்லை.
வெளியே குளத்தில் ஒரே ஒரு குமிழ்.

கொஞ்ச நேரம் கழித்து
‘வழுக்குது’ என்றாள்.
விடிந்தபோது
இரண்டு பேரும் கட்டிலின் கால்மாட்டில்
முட்டி மோதிக் கிடந்தோம்.
செங்கல்லை எடுக்கச் சொல்லவில்லை அவள்.