எல்லோரும் உள்ளூர்க்காரர்

இரவு ஒன்று பத்துக்கு லோகேந்திரன் அழைத்தான்.
'வேன் பதிவுப் பக்கம் திறக்கல லா. சுத்துது.'
சுத்துதுன்னா?
'சுத்துதுன்னா சுத்துது.'

துணி தேய்க்கும் மேசைமேல் மடிக்கணினி.
ஜெலுத்தோங், பதினான்காம் மாடி.
மின்விசிறிக்கு எதிரே காயும் மகனின் பள்ளிச் சட்டை.
ஜன்னலுக்கு வெளியே பாலம்
யாருக்காகவோ விளக்கு எரித்துக்கொண்டு.

மாலைதான் புதுச் சான்றிதழ் போட்டோம்.
இனி எல்லோரும் பூட்டுள்ள வாசல் வழியே என்று
ஆளுக்கொரு கறிப்பாப் தின்று
வீடு திரும்பினோம்.

முன்னால் நிற்பது அப்பாச்சி.
பூட்டைத் திறப்பதும் வந்தவரை விசாரிப்பதும் அதன் வேலை.
பின்னால், 8080 என்ற உள்ளறையில், டாம்கேட்.
யாருக்கு எந்தக் கிழமை டயாலிசிஸ்,
எந்த வேன், எத்தனை மணிக்கு,
எல்லாம் அதற்குத்தான் தெரியும்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்று
முதலில் பூசாரியைத்தான் சந்தேகப்பட்டேன்.
கோப்பில் வரி வரியாய்த் தேடினேன்:
கடைசிச் சாய்கோடு விட்டுப்போனதா,
போர்ட் எண் சரியா.
எல்லாம் சரி.
'ரீஸ்டார்ட் போடு' என்றான் லோகேந்திரன்.
போட்டேன். நாற்பது விநாடி இருட்டு.
பிறகு அதே சுற்று.

டாம்கேட்டின் பதிவேட்டைத் திறந்து வைத்தேன்.
127.0.0.1, 302
127.0.0.1, 302
இருபது வரி. அப்புறம் ஒன்றுமில்லை.
நான்கு நிமிடம் கழித்து
இன்னொரு இருபது.
எங்கள் கண்காணிப்பு ஸ்கிரிப்ட்தான் என்று நினைத்து
'தூங்கேன் சனியனே' என்றேன் திரையைப் பார்த்து.

பிறகுதான் உறைத்தது.
வந்தவர் பூட்டிய வாசலால்தான் வந்தார்.
முன்னவன் திறந்தான், உள்ளே அழைத்துப்போனான்,
எந்த வாசல் என்று மட்டும் சொல்லவில்லை.
பின்னவன் கண்டது முன்னவன் முகத்தைத்தான்.
'திறந்த வாசலால் வந்திருக்கிறீர்,
பூட்டிய வாசலுக்குப் போங்கள்.'
போனார்.
அதே பூட்டு, அதே கை, அதே உள்ளறை.
'திறந்த வாசலால் வந்திருக்கிறீர்...'
இருபதாம் தடவை பிரவுசர் சலித்துக் கைவிரிக்கும்.

இருவர் மேலும் குற்றமில்லை.
கறிப்பாப் தின்ற என் மேல்தான்.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருட்டு.
இந்தப் பூனைக்கு ஐந்து வருடமாய்
பினாங்கு முழுக்க ஒரே ஆள்.
பட்டர்வொர்த்திலிருந்து கேட்டாலும்
பாலிக் புலாவிலிருந்து கேட்டாலும்
127.0.0.1.
எல்லோரும் உள்ளூர்க்காரர். எல்லோரும் பக்கத்து நாற்காலி.

அப்பாச்சியில் ஒரு வரி: வந்த வழியைச் சொல்.
டாம்கேட்டின் சர்வர்.எக்ஸ்எம்எல்லில் ஒரு வால்வு:
அவன் சொல்வதை நம்பு.
ஒரு கணம் யோசித்து,
அவனை மட்டும் என்றும் சேர்த்தேன்.

2.47. மறுபடி கிளப்பினேன்.
காதில் லோகேந்திரன் ஹலோ ஹலோ என்கிறான்.
நான்கு நிமிடம் ஆகட்டும் என்று
சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்தேன்.
இன்னும் ஈரம்.

ஒரு வரி விழுந்தது.
127 இல்லை. வேறு எண்,
யார் வீட்டு இணைப்போ.
200.
அடுத்த வரி: பதிவு ஏற்கப்பட்டது, வேன் நான்கு, காலை 5.40.
பெயர் விழாது.
விழக்கூடாது என்று விதி எழுதியதே நான்.

அந்த எண்ணை அப்பாச்சியின் பதிவேட்டில் தேடினேன்.
அதற்கு எல்லாம் தெரிந்திருந்தது, கேட்கத்தான் ஆளில்லை.
மாலை 7.12 முதல்
நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது இருபதாய்.
ஒன்பதிலிருந்து ஒன்பதரை வரை மட்டும் ஒரு வெற்றிடம்.
சாப்பிட்டிருப்பார்.

'என்னாச்சு, என்ன பிரச்சினை?'
ஒரு வால்வு விட்டுப்போச்சு.
'யாரு விட்டது?'
நாளைக்குப் பேசுவோம் லா.

சட்டையைத் திருப்பிப் போட்டேன்.
திரை முன்னால் இன்னும் நான்கு நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.
பிறகு இன்னும் நான்கு.
அந்த எண் மறுபடி வரவில்லை.