உப்புக்கோடு

மச்சான் கடாட்சத்தின் பூட்ஸ்
நோர்வேயிலிருந்து கப்பல் பெட்டியில் வந்தது,
நீலக் கம்பளி, சோப்புக்கட்டி, நின்றுபோன மணிக்கூடு
எல்லாவற்றுக்கும் அடியில்
ஒன்றை ஒன்று கட்டிப்பிடித்தபடி.

பத்தாம் நம்பர். என் கால் எட்டு.
பரவாயில்லை.
வெல்டிங் பொறிக்கு ரப்பர்ச் செருப்புப் போதாதென்று
போன மாரியிலேயே பெருவிரல் சொல்லிவிட்டது.

மார்கழி.
கோண்டாவில் ஒழுங்கைகள் செம்மண் கூழாய்க் கிடக்கின்றன.
இரண்டு கிழமை பட்டறை மூலையில் வைத்தேன்,
தோலெல்லாம் சாம்பல் பூஞ்சணம்.
சரியென்று குந்தினேன்.

நாடாவை உருவிச் சிரட்டைத் தண்ணீரில் போட்டேன்.
நாக்கை வெளியே இழுத்துவிட்டேன்,
டொக்டரிடம் காட்டுகிற பிள்ளை மாதிரி.
பூஞ்சணம் துணியோடு வந்தது.
வெள்ளைக் கோடு ஒன்று மட்டும் வரவில்லை.
கணுக்காலுக்குக் கீழே, சுற்றிவர,
வற்றிய கடல்நீரேரியின் விளிம்பு போல.
துடைத்தால் போகிறது. காய்ந்தால் திரும்புகிறது.

விரலால் தொட்டு நக்கிப் பார்த்தேன்.
உப்பு.
ஆனையிறவு உப்பில்லை இது,
கொஞ்சம் கசக்கிறது.

வட்ஸ்அப்பில் கூப்பிட்டேன்.
அங்கே மதியமாம், ஜன்னலில் நடுச்சாமம்.
"ஸ்னோவுக்கு ரோட்டில உப்புக் கொட்டுவாங்கள் மச்சான்.
வினாகிரியும் தண்ணியும் பாதிக்குப் பாதி.
அடுப்படியில மட்டும் காய வைச்சிடாத,
தோல் வெடிச்சுப் போகும்."
இவ்வளவும் தெரிந்து வைத்திருக்கிறான்.
இங்கே இருந்தபோது
கோயில் வாசலில் செருப்பைத் தொலைக்க மட்டுமே
எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

கள்ளு வினாகிரி மூக்கைப் பிடுங்கியது.
மூன்றாம் தரம் கோடு கரைந்தது.
அப்போதுதான் தையலுக்குள் ஏதோ மினுங்க
ஊசியால் கிண்டினேன்.
மீன் செதிள்.
குருநகர்ச் சந்தையில் கண்ட எந்த மீனினதும் இல்லை,
நகத்தளவு, கண்ணாடி போல.

கொம்பனியில் வேலை என்றான்
இருபத்திரண்டு வருசமாய்.
என்ன கொம்பனி என்று நாங்களும் கேட்கவில்லை.
காசு வந்தது. கூரைக்கு ஓடு வந்தது.
இடது குதி மட்டும் உள்பக்கமாய்த் தேய்ந்திருக்கிறது,
கால் நோகிறவன் நடந்த தேய்வு.
அதையும் அவன் போனில் சொன்னதில்லை.

உள்ளே திணிக்கப் பழைய பேப்பர் தேடினேன்.
மரண அறிவித்தல் பக்கம்தான் கைக்கு வந்தது.
பிறப்பிடம் இணுவில், வதிவிடம் ஸ்காபரோ.
பிறப்பிடம் நீர்வேலி, வதிவிடம் பாரிஸ்.
ஈரம் நன்றாய் உறிஞ்சும் தாள்.

மூன்று நாள் நிழலில், காற்றில்.
தேங்காயெண்ணெய் பூசச் சொன்னார் பட்டறை முதலாளி.
பூசினால் பூஞ்சணம் குடும்பத்தோடு திரும்பி வரும்.
மெழுகுப் பொலிஷை இளக்கி
வட்டம் வட்டமாய்த் தேய்த்தேன்,
தையலில் கொஞ்சம் கூட,
நாக்கு மடிப்பில் கொஞ்சம் கூட.
தோல் குடித்தது.
குடித்துக்கொண்டே இருந்தது.

செதிளை எறிய மனம் வரவில்லை.
நெருப்புப்பெட்டிக்குள் கிடக்கிறது.

காலையில் போட்டுப் பார்த்தேன்.
முனையில் திணித்த தாளை எடுக்கவில்லை,
மிச்ச இரண்டு நம்பரை அதுதான் நிரப்புகிறது.
இன்று நல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டுக் கேற்.
முதல் பொறி வலது பூட்ஸின் மூக்கில் விழுந்தது.
ஒரு கறுப்புப் புள்ளி.

இடது காலை மட்டும், ஏனோ,
பார்த்துப் பார்த்து வைக்கிறேன்.