சான்றாவணம் 11

ஐந்து வழக்கு வேண்டும் என்றார் பேராசிரியை.
கொலையாக இருந்தால் நல்லது,
தீர்ப்பாகி முடிந்ததென்றால் இன்னும் நல்லது.
தலைப்பு: சாட்சியின் ஞாபகம்.
கண் பார்த்ததை மனசு எப்படித் திருத்துகிறது,
இருபது பக்கத்துக்குக் குறையாமல்.

கோவை கோர்ட்டின் பதிவறையில்
என் கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு
ரங்கநாயகம் கேட்டார்:
"இந்தப் பழைய கட்டெல்லாம் எதுக்குங்க கண்ணு?"
மனசைப் பத்திப் படிக்கறேனுங்க, என்றேன்.
"அப்ப மாஸ்க் போட்டுக்கங்க. தூசி."

மூன்று நாளில் நான்கு கிடைத்தன.
உடுமலையில் வாய்க்கால் தண்ணிக்கு ஒரு மண்வெட்டி,
காங்கயத்தில் ஒரு காளைக்கு,
சீட்டுப் பணத்துக்கு ஒன்று.
அவிநாசிப் பக்கம் ஒருவர் பார்த்த சிவப்புச் சட்டை
இன்னொருவர் சொல்லும்போது நீலமாகியிருந்தது.
சந்தோஷமாகக் குறித்துக்கொண்டேன்.

ஐந்தாவது கட்டு சோமனூர்ப் பக்கம், எங்கள் ஊர்.
பஸ்ஸில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி
ஆவலாகப் பிரித்தேன்.
இறந்தவர் துளசிமணி, இருபத்திரண்டு, தார் சுற்றுபவர்.
எதிரி, தறிக்குடோன் முதலாளி.
(கோர்ட்டுத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு
எதிரி என்றுதான் பேர். யாருக்கு என்று எழுதுவதில்லை.)
சான்றுப் பொருள் மூன்று: மூடியோடு தூக்குப்போசி ஒன்று,
உள்ளே உணவு, காய்ந்த நிலையில்.
அரிசிம்பருப்பாக இருக்கும்.

அ.சா. 4: மயிலாத்தாள், க/பெ பொன்னுசாமி,
வயது இருபத்தாறு, தொழில் தறி.
படித்துக்கொண்டே போய்விட்டேன்.
கதவு எண்ணைப் பார்த்த பிறகுதான்
பேருக்குத் திரும்பி வந்தேன்.
பக்கத்தின் அடியில் கையெழுத்து.
யி-யின் சுழி மேல்வரியில் ஏறி நின்றது,
பன்னிரண்டு வருஷம் என் ரேங்க் கார்டுகளில் ஏறிய அதே சுழி.

"சம்பவ நேரத்தில் தறி ஓடிக்கொண்டிருந்தது.
எந்தச் சத்தமும் என் காதில் விழவில்லை.
அலறல் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்ததாக
நான் போலீசாரிடம் சொன்னேன் என்றால் சரியல்ல."
கீழே தட்டச்சில்: பிறழ் சாட்சி.

கட்டின் கடைசியில், ஓரம் கசங்காத ஒரு தாள்.
சான்றாவணம் 11, மின்வாரிய உதவிப் பொறியாளர் கடிதம்:
அன்று மாலை ஆறு பத்து முதல் ஏழு நாற்பது வரை
மேற்படி ஊருக்கு மின்சாரம் இல்லை.
சம்பவம் ஏழு மணிக்கு.
இருட்டில் ஆள் அடையாளம் எப்படித் தெரியும் என்று
எதிரியின் வக்கீல் இதைக் காட்டித்தான் வாதாடியிருக்கிறார்.
தறி எப்படி ஓடியிருக்கும் என்று
அந்த அறையில் ஒருத்தரும் கேட்கவில்லை.

விடுதலை.

அந்தத் தையில் எங்கள் வீட்டில் இரண்டு தறி இறங்கியது.
எனக்கு மூன்று வயசு.
மாலை போட்ட லாரிக்கு முன்னால் எடுத்த போட்டோவில்
அம்மா மட்டும் வேறு பக்கம் பார்க்கிறாள்.
போட்டோக்காரன் சரியில்லை என்று
அப்பா இன்றைக்கும் சொல்லுவார்.

படிவத்தில் கட்டங்கள் இருந்தன:
மறதி, திரிபு, அச்சம், ஆதாயம்.
ஒன்றை மட்டும் டிக் செய்யவும்.
நான்கு வழக்கோடு கொடுத்துவிட்டேன்.
மாதிரி போதவில்லை என்று ஐந்து மார்க் குறைந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன்.
அம்மா எப்போதும்போலக் கத்தித்தான் கேட்டாள்,
"பரீட்சையெல்லாம் எழுதிப்போட்டயா சாமி?"
தறிக்காரர்கள் வீட்டில் அதுதான் சாதாரணக் குரல்.
ஏழு மணி வாக்கில் கரண்ட் போச்சு.
தெரு முழுக்க ஒரே சமயத்தில் நாடா நின்றது.
நாலு வீடு தள்ளி யாரோ கரண்டியைக் கீழே வைத்தார்கள்.
அதற்கும் அப்பால் ஒரு குழந்தை, தண்ணி, என்றது.

எத்தன கேக்குது பாரும்மா, என்றேன்.

அம்மாவின் கையில் தீக்குச்சி இருந்தது, உரசவில்லை.
அவ்வளவு சின்னக் குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை.
"இப்ப வந்துரும்," என்றாள்.
சித்த நேரம் கழித்து மறுபடியும்,
"இப்ப வந்துரும்."