பதினொரு கட்டங்கள்

நவம்பர். ஆரே ஆற்றிலிருந்து ஏறிவந்த மூடுபனி
ஓல்டன் நகரத்தைத் தூக்கி
எங்கோ மாறி வைத்துவிட்டது.
நிலையத்தின் இழந்த பொருள் பிரிவில்
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.
அந்தப் பக்கம் ஹெர் சும்ஸ்டேக்,
ஓய்வுபெற்ற மெய்யியல் ஆசிரியர், தலை நனைந்து.

குடை தொலைந்ததாம்.
படிவத்தை நீட்டினேன்.
கறுப்பு. அக்ரூட் மரப்பிடி, கிளி அலகுபோல் வளைந்தது.
கம்பிகள் பத்து. அதில் ஒன்று
லுசேர்ன் காற்றில் முறிந்து
பல் இடுக்கும் நூலால் கட்டப்பட்டது.
இருபத்திரண்டு வருடத்தில்
இப்படியொரு வர்ணனையை நான் எழுதி வாங்கியதில்லை.

உள்ளே போய்ப் பார்த்து வந்து
இல்லை என்றேன்.

சிரித்தார். பழைய துறவி ஒருவரின் கணக்கு, கேளுங்கள்:
இதைவிடப் பெரிதை நினைக்கவே முடியாது
என்கிற ஒன்றை நினையுங்கள். நினைத்தாயிற்றா?
அது நினைப்பில் மட்டும் இருந்தால்
வெளியிலும் இருப்பது அதைவிடப் பெரிதாகிவிடும்.
ஆகவே அது வெளியிலும் இருந்தே தீரவேண்டும்.
அதற்குத்தான் கடவுள் என்று பெயர்.

சூரிச் வண்டி வந்து பெருமூச்சு விட்டு நின்றது.

படிவத்தை அவர் பக்கம் திருப்பினேன்.
பதினொரு கட்டங்கள், ஐயா.
நிறம், அளவு, எந்த வண்டி, எந்தப் பெட்டி,
உள்ளே பணம் இருந்தால் எவ்வளவு.
இருக்கிறதா என்றொரு கட்டம் கிடையாது.
அதை நீங்கள் நிரப்ப முடியாது.
அது அலுமாரி சொல்லவேண்டிய பதில்.

பிறகு, ஏன் சொன்னேனோ தெரியாது, சொன்னேன்:
உங்கள் மொழியில் ஓர் 'இஸ்ட்' இருக்கிறது.
குடை கறுப்பு என்பதற்கும் அதுதான்
கடவுள் உண்டு என்பதற்கும் அதுதான்.
எங்களுக்குக் குடை, கறுப்பு.
இரண்டும் பக்கத்தில் நின்றால் போதும்,
நடுவில் ஆள் தேவையில்லை.
கடவுள் பெரியவர், நல்லவர், நிறைந்தவர் என்று
விடியும்வரை சொல்லிக்கொண்டிருக்கலாம்,
உண்டு என்று ஒருமுறையும் சொல்லாமல்.
உண்டு என்பதற்கு மறுபடி வாய் திறக்கவேண்டும்.
அதற்கு முன் ஒரு மூச்சு வாங்கவேண்டும்.
அந்த மூச்சைத்தான் உங்கள் துறவி
தாண்டிக் குதித்துவிட்டார்.

நல்ல ஆசிரியர். உடனே கேட்டார்:
அப்படியானால் இல்லை என்பதற்கு?

மாட்டிக்கொண்டேன்.
குடை கறுப்பு இல்லை. குடை இல்லை.
இரண்டுக்கும் ஒரே சொல்.
வவுனியாவில் ஒரு கந்தோர் வாசலில்
தம்பியின் படத்தோடு மூன்று நாள் நின்று
அந்த ஒரு சொல்லை
வாங்கி வாங்கி வந்திருக்கிறேன்.
பட்டியலில் இல்லையா, உலகத்திலேயே இல்லையா
என்று கேட்கத் தோன்றவில்லை.
ஹெர் சும்ஸ்டேக்கிடம் இதைச் சொல்லவில்லை.
அங்கே நாங்களும் வழுக்குவோம், என்றேன்.

அவர் போனபின் 4417 ஞாபகம் வந்தது.
ஆடி மாதம் பீல் வண்டியில் கிடைத்தது.
பித்தளையா, எலும்பா, நடுவில் ஒரு கீல்,
உலுக்கினால் உள்ளே ஏதோ நகரும்.
என்னவென்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.
பதினொரு கட்டமும் வெறுமை.
தேடி ஒருவரும் வரவில்லை.
ஆனால் இருக்கிறது,
மூன்றாம் தட்டில், கை பட்டால் குளிர்ந்து.
விதிப்படி ஏலத்துக்குப் போயிருக்கவேண்டும்.
இரண்டு தடவை திகதியை மாற்றிவிட்டேன்.

திங்கள் காலை லுகானோவிலிருந்து ஒரு குடை வந்தது.
மண்நிறம். பிளாஸ்டிக் பிடி. எட்டே கம்பி.
அதில் ஒன்றில் பல் இடுக்கும் நூல்.

வந்து நெடுநேரம் பார்த்தார்.
நான் நினைத்தது இதைவிடப் பெரிது, என்றார்.
கையெழுத்துப் போட்டார்.
வெளியே தூறல் தொடங்கியிருந்தது.
முறிந்த பக்கத்தால் தோளில் ஒழுக ஒழுக
விரித்தபடியே
பனிக்குள் போனார்.