பிழை எதுவுமில்லை

நவம்பர் கடைசியில் போகும் சூரியன்
ஜனவரி பாதி கழிந்துதான் வர்தோவில் தலை காட்டும்.
இருட்டுக்கு என்ன, அது பாட்டுக்கு இருக்கும்.
எனக்குக் கணக்கு வேறு:
நாற்பது ப்ளூ-ரே தட்டு, ஒரு பழைய டிரைவ்,
எய்லிஃபின் படகு கிளம்ப ஒன்பது இரவு.

பேரன்ட்ஸ் கடலில் ஐந்து வாரம்.
அங்கே இணையம் வானிலைப் படத்துக்கே மூச்சு வாங்கும்.
பதினோரு ஆண்கள், ஒரு திரை,
காயாத கையுறைகள்.
அவர்களுக்குப் படம் வேண்டும்.

தட்டை விழுங்கியதும் டிரைவ் இருமும்,
பிறகு சீராக முனகும்.
பச்சைக் கோடு நகரும்.
நூறு சதவீதம். ஒரு மணியோசை.
'பிழை எதுவுமில்லை' என்றது மென்பொருள்.
நாற்பது தடவையும் அதே குரலில் சொன்னது.
அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

திரும்பி வந்தவன்
பூட்ஸைக் கூடக் கழற்றவில்லை.
'அவள் பாலத்தைக் கடந்தாளா இல்லையா?'

எந்த அவள்?

ஒரு மணி பதினாலு நிமிடம் ஒன்பதாவது நொடி.
பச்சைக் கோட்டுப் பெண் பாலத்தில் கால் வைக்கிறாள்,
முகம் சதுரம் சதுரமாக உதிர்கிறது,
பிறகு சாம்பல் நிறம்,
பிறகு பெயர்ப்பட்டியல்.

கடந்தாள் என்று அடித்துச் சொன்னானாம் கெஸ்டூட்டிஸ்,
லிதுவேனியாக்காரன், எஞ்சின் அறை.
பாலமே விழுந்திருக்கும் என்றானாம் சமையல்காரன் தூர்ஃபின்.
மூன்று நாள் இருவருக்கும் பேச்சில்லை.
பந்தயம் இரண்டு டப்பா புகையிலை.

தட்டை எடுத்து விளக்கடியில் சாய்த்தேன்.
நூலகம் கழித்து விற்ற தட்டு,
இருபது க்ரோனர்.
விளிம்பருகே நகம் கிழித்தாற்போல் ஒரு கோடு.
டிவியில் போட்டாலும்
பாலத்தில் அதே இடத்தில் திக்கியது.

ஆக,
படிக்க முடியாத இடத்தைப் பார்த்திருக்கிறது அது.
தாண்டியிருக்கிறது. வெறும் பூஜ்யங்களால் பூசி மெழுகிவிட்டு
மணியும் அடித்திருக்கிறது.

வேறொன்றை இறக்கினேன்.
அழகில்லை. கறுப்புத் திரை, பொடி எழுத்து.
ஒரே இடத்தில் மூன்றரை மணி நேரம் முட்டி மோதியது.
நான் துவைத்தேன், மீன் சுட்டேன், தூங்கி எழுந்தேன்.
கடைசியில் கையை விரித்தது:
'பதினேழு இடங்களில் படிக்க இயலவில்லை.
கோப்பு எழுதப்படவில்லை.'

வேலை நடக்கவில்லை.
ஆனாலும் அதற்குத்தான் உரிமத் தொகை கட்டினேன்.

மீதி முப்பத்தொன்பதையும்
அதனிடமே கொடுத்தேன்.
இன்னும் மூன்றில் ஓட்டை.
ஒன்று குழந்தைகள் படம், யாரும் கவனிக்கவேயில்லை.
அது தேறிற்று என்று சொன்னதையும்
கடைசி இருபது நிமிடம் ஓட்டிப் பார்க்கிறேன்.
கதை முடிவுகள் மட்டும் எனக்கு இப்போது அத்துப்படி,
ஏன் அழுகிறார்கள் என்றுதான் தெரியாது.

பாலத்துப் படத்துக்கு நல்ல தட்டு
பெர்கனில் ஒருவரிடம் இருக்கிறது, வரவழைக்கவா என்றேன்.
எய்லிஃப் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
'வேண்டாம், குன்வோர்.
ஜனவரியில் புதுப் பையன் ஒருத்தன் வருகிறான்.
அவன் என்ன சொல்கிறான் என்று கேட்கணும்.
பழையதையே போட்டுக் கொடு.'

போட்டுக் கொடுத்தேன்.
கறுப்புத் திரை
இரு கோப்பையும் எண் எண்ணாக ஒப்பிட்டது.
சாம்பல் சாம்பலாகவே, பூஜ்யம் பூஜ்யமாகவே.
'பிழை எதுவுமில்லை' என்றது,
மணி அடிக்காமல்.

பையின் ஓரத்தில்
இரண்டு டப்பா புகையிலையும் இருந்தது.
இன்னும் யாரும் ஜெயிக்கவில்லை.